குதிரைச் சாணத்தை யார் அள்ள வேண்டும்?

கோடை தொடங்கிவிட்டால் எமது சங்கக் குடும்பங்கள் பல, வார இறுதிகளில் பிள்ளைகளையும் அம்மம்மா, தாத்தாமாரையும் கூட்டிக்கொண்டு விம்பிள்டன் பொதுநிலம், ரிச்மண்ட் பூங்கா, எப்சம் டவுன்ஸ் போன்ற இடங்களுக்கு நடக்கப் போவது வழக்கம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்துவிட்ட எமது சமூகத்துக்கு இது மிகவும் நல்ல பழக்கம். ஆனால் அப்படிப் போய் வருகிறவர்கள் எம்மைக் காணும்போது ஒரு விடயத்தை மனத்தாங்கலோடு கேட்கிறார்கள். "நாய் வளர்ப்பவர் கையில் பையோடு திரிகிறார். அள்ளாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். குதிரையில் வருகிறவரோ பாதையின் நடுவே ஒரு கூடை சாணத்தைப் போடவிட்டு, திரும்பியும் பாராமல் போகிறார். அது மட்டும் சரியா? பிள்ளை அதை மிதித்தால் நோய் வராதா?"

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. குதிரைச் சாணத்தால் எமக்கு நோய் வருமா என்பது ஒன்று. பொது இடத்தில் அதை அள்ளுவது யாருடைய பொறுப்பு என்பது மற்றது. முதலாவதற்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதைப் பற்றி நியாயமாகப் பேச முடியும்.

ஊரில் இருந்த காலத்தில் எம்மில் பெரும்பாலானோருக்குக் குதிரையோடு பழக்கம் இருக்கவில்லை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துக்கும் முந்திய மரபில் வந்த குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவதைக் கண்டவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்களுக்குக் குதிரை என்றால் வேட்டைத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனம்தான். அது சாணம் போடாது! மாட்டுச் சாணத்தை நாம் அருவருத்ததில்லை. முற்றத்தில் கரைத்துத் தெளித்தோம், நிலம் மெழுகினோம், மார்கழியில் பிள்ளையார் பிடித்து வைத்தோம். அப்படிப்பட்ட நாமே குதிரைச் சாணத்தைக் கண்டு முகம் சுழிப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பழகாத பிராணி என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நாயும் குதிரையும் ஒன்றல்ல

குதிரை முழுக்க முழுக்கத் தாவரம் உண்ணும் பிராணி. ஆனால் மாட்டைப் போல அசைபோடுவதில்லை. புல்லின் நார் அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுகிறது. மீந்த நாரும் நீரும் நுண்ணுயிர்களும்தான் உருண்டை உருண்டையாக வெளியே வருகின்றன. இறைச்சி தின்னும் நாயின் மலத்தில் உள்ள கடும் நாற்றம் இதில் இல்லாததற்குக் காரணமும் இதுவே. ஆனால் அளவு மிக அதிகம். நடுத்தரக் குதிரை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணம் போடும். பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ. நாயின் பின்னால் கொண்டுபோகும் சிறிய பைக்குள் இது அடங்காது.

நாயின் மலத்தை அள்ளச் சொல்லிச் சட்டம் வந்ததற்கு அருவருப்பு மட்டும் காரணமல்ல. நாய்களின் குடலில், குறிப்பாகக் குட்டிகளின் குடலில், டொக்ஸோகாரா என்னும் வட்டப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, சில கிழமைகளில் மண்ணில் முதிர்ந்து, அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். மலம் மழையில் கரைந்து மறைந்த பிறகும் முட்டை போகாது. புல்தரையில் விளையாடிய பிள்ளை விரலை வாயில் வைத்தால் முட்டை வயிற்றுக்குள் போகும். அங்கே பொரிக்கும் குஞ்சுப்புழு ஈரல், நுரையீரல் என்று உடலுக்குள் அலையும். அரிதாகக் கண்ணுக்குள் புகுந்து பார்வையையும் கெடுத்துவிடும். குதிரையின் குடலிலும் வட்டப்புழுக்கள் உண்டு. ஆனால் அவை குதிரை இனத்துக்கே உரியவை. மனிதரில் அவை குடியேறி வளர்வதில்லை. நாயையும் குதிரையையும் சட்டம் வேறு வேறாகப் பார்ப்பதற்குப் பின்னால் உள்ள முக்கியமான மருத்துவ வேறுபாடு இது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996 இல் வந்த நாய் மலச் சட்டம் நாய்களைப் பற்றி மட்டுமே பேசியது. அதன் பின்னர் 2005 இலும் 2014 இலும் வந்த சட்டங்களின் கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் போடும் கட்டளைகளும் பெரும்பாலும் நாய்களைப் பற்றியவையே. குதிரையில் போகிறவர் சாணத்தை அள்ளியே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. ஆகவே அவர் அள்ளாமல் போனால் பொதுவாக அது குற்றமாகாது. குற்றமில்லை என்பதால் சரியென்று ஆகிவிடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கிருமிகள் இல்லையா?

இருக்கின்றன. எந்தப் பிராணியின் சாணத்திலும் கிருமி இருக்கும். குதிரை நலமாகத் தோன்றும்போதே சல்மொனெல்லாக் கிருமியை வெளியேற்றக்கூடும். குட்டிகளின் சாணத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். இரண்டும் மனிதருக்கு வயிற்றோட்டத்தைத் தரவல்லவை. பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஈ.கோலை ஓ157 என்ற கிருமி குதிரைகளில் அரிதாகவே காணப்படுகிறது. அது பெரும்பாலும் மாடு, ஆடு, செம்மறிகளின் குடலில் வாழ்வது. 2009 இல் சரே மாவட்டத்தில், பிள்ளைகள் பிராணிகளைத் தொட்டு மகிழும் பண்ணை ஒன்றுக்குப் போய் வந்தவர்களிடையே இந்தக் கிருமி பரவியது. 93 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சிறு பிள்ளைகள். குதிரைச் சாணத்துக்கு அஞ்சி ஒதுங்கும் பெற்றோர் பலர், ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்த அதே கையால் பிள்ளை சான்ட்விச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அச்சம் இடம் மாறி இருக்கிறது என்றே சொல்வோம்.

சாணம் கையிலோ சப்பாத்திலோ பட்டால் உடனே நோய் வராது. அது வாய்க்குள் போனால்தான் ஆபத்து. ஆகவே சாப்பிடும் முன் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கைகழுவுங்கள். கைப்பையில் உள்ள அல்ககோல் ஜெல் இதற்குப் போதாது. கிரிப்டோஸ்போரிடியத்தையும், அடுத்துச் சொல்லப்போகும் ஏற்புவலிக் கிருமியின் வித்துகளையும் அது கொல்லாது. அழுக்குப் படிந்த கையில் எந்த ஜெல்லும் சரியாக வேலை செய்யாது. ஒரு போத்தல் தண்ணீரையும் சிறிய சவர்க்காரத் துண்டையும் கொண்டுபோவது கடினமான காரியமல்ல. பிள்ளைத் தள்ளுவண்டியின் சில்லுகளையும் சப்பாத்துகளையும் வீட்டு வாசலிலேயே துடைத்துவிடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது மிக அவசியம்.

பிள்ளைக்கு இரத்தம் கலந்த வயிற்றோட்டம் ஏற்பட்டால், காரணம் எதுவாக இருந்தாலும், வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள், அல்லது 111 இலக்கத்துக்கு அழையுங்கள். பண்ணைக்கோ குதிரை லாயத்துக்கோ போய் வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஏற்பு ஊசி: உங்கள் கணக்கு என்ன?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருக்குமானால், தயவுசெய்து இதை வாசியுங்கள்.

டெட்டனஸ் என்று சொல்லப்படும் ஏற்புவலியை உண்டாக்கும் கிருமி குதிரையின் குடலில் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழக்கூடியது. சாணத்தோடு வெளியேறும் அதன் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். விழுங்கினால் இந்த நோய் வராது. தோலில் உள்ள காயத்தின் வழியேதான் வரும். முள் குத்திய சிறு துளை, தோட்ட முள்ளுக்கரண்டி பட்ட வெட்டு, குதிக்கால் வெடிப்பு ஆகியவையே போதும். காயம் பட்டு 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகத் தொடங்கும். பின்னர் உடல் முழுவதும் தசைகள் வில்லாக வளையும். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவிலும் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இது.

1914 இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காயமுற்ற வீரர்கள் ஏற்புவலியால் இறந்தார்கள். போர் நடந்த வயல்கள் தலைமுறை தலைமுறையாகக் குதிரைச் சாணம் இடப்பட்டவை. காயமுற்றவர்களுக்கு எதிர்ப்புச் சீரம் கொடுக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. அந்தச் சீரம் எடுக்கப்பட்டதும் குதிரையின் இரத்தத்திலிருந்துதான்! இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரைகளின் உதவியோடு தயாரிக்கப்படுவது. குதிரையை ஏசுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்டில் ஏற்புவலி இப்போது மிக அரிது. தடுப்பூசியே அதற்குக் காரணம். பிரித்தானியாவில் 1961 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஊசி போடப்படுகிறது. ஆகவே எமது பிள்ளைகளைப் பற்றிப் பெரும்பாலும் கவலையில்லை. கவலை பெரியவர்களைப் பற்றியது. இன்றும் இங்கே இந்நோய்க்கு ஆளாகும் சிலரில், ஊசிகளை முழுமையாகப் பெறாத முதியவர்களே அதிகம் காணப்படுகிறார்கள். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பு ஊசி போடும் திட்டம் 1969 இல் தொடங்கியது. அதனால் எமது தாய்மார் பலருக்குச் சில ஊசிகளாவது கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978 இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்து, இருபது முப்பது வயதில் இங்கு வந்து சேர்ந்த ஆண்கள் பலருக்கு, எப்போதோ ஆணி குத்தியபோது போட்ட ஓர் ஊசியைத் தவிர வேறு கணக்கு இல்லை. பத்திரமும் இல்லை. வீட்டில் தோட்டம் செய்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

வாழ்நாளில் ஐந்து ஊசிகள் முறைப்படி பெற்றிருந்தால் நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு என்பதே இங்குள்ள நடைமுறை. கணக்குத் தெரியாவிட்டால் குடும்ப வைத்தியரின் நிலையத்தில் தாதியிடம் கேளுங்கள். ஒன்றுமே பெறாதவருக்கு மாத இடைவெளியில் மூன்று ஊசிகளும், பின்னர் ஆண்டுகள் இடைவெளிவிட்டு இரண்டு ஊசிகளும் போடுவார்கள். காயத்தில் மண்ணோ சாணமோ பட்டால் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஆழமான காயமாக இருந்தால், ஊசிகள் எல்லாம் போட்டவராக இருந்தாலும், அன்றே காட்டுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதே தெரியாது. அவர்கள் வீட்டுச் செருப்போடு பூங்காவுக்கும் தோட்டத்துக்கும் போவதை நிறுத்த வேண்டும். மூடிய சப்பாத்து அணியுங்கள். திரும்பி வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வழுக்கி விழுதல்

பாதை நடுவே கிடக்கும் சாணத்தால் வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து கிருமியல்ல, வழுக்கல் என்பது எமது கருத்து. மழையில் நனைந்த சாணம் தார்ப்பாதையில் எண்ணெய் போலக் கிடக்கும். அதன் மேல் இலையும் விழுந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. எமது முதியோர் பலருக்கு வெயில் போதாமல் வைட்டமின் டி குறைவு. எலும்பும் மெலிந்திருக்கும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடமாட்டம் திரும்புவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர் வளைவில் அதன் மேல் ஏறினால் கதி என்ன? சில்லு நாற்காலியைக் கையால் தள்ளிச் செல்பவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சில்லில் ஒட்டியது நேரே அவருடைய உள்ளங்கைக்கு வருகிறது. கண் தெரியாதவருக்கோ ஒதுங்கிப் போக வழியே இல்லை.

ஒரு காலத்தில் இலண்டன் மாநகரமே இந்தச் சிக்கலில் மூழ்கிக் கிடந்தது. 1890களில் இங்கே ஏறத்தாழ மூன்று இலட்சம் குதிரைகள் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு குதிரைக்கு 20 கிலோ என்றால் நாளொன்றுக்கு 6,000 தொன் சாணம்! கனவான்களும் சீமாட்டிகளும் வீதியைக் கடப்பதற்கு வழி கூட்டிவிட்டுச் சில்லறை பெற்ற ஏழைச் சிறுவர்கள் சந்திக்குச் சந்தி நின்றார்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகளில் நகரம் ஒன்பது அடி சாணத்தில் புதைந்துவிடும் என்று 1894 இல் டைம்ஸ் பத்திரிகை எழுதியதாக ஒரு கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. அப்படி ஒரு கட்டுரை வெளிவந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கதை பொய்யானாலும் சாணம் மெய். அதில் பெருகிய வீட்டு ஈக்களுக்கும் கோடையில் குழந்தைகளைக் கொன்ற வயிற்றோட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுகாதார வைத்தியர்கள் எழுதினார்கள்.

ஈயைப் பற்றி இன்று கவலைப்பட வேண்டியது பாதையில் கிடக்கும் ஒற்றைக் குவியலைப் பார்த்து அல்ல. அது விரைவில் காய்ந்து சிதறிவிடும். லாயத்தின் பின்னால் மாதக்கணக்கில் குவிந்திருக்கும் மேட்டில்தான் ஈ பெருகும். வெப்பமான காலநிலையில் முட்டையிலிருந்து ஈயாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். வீடுகளுக்கு அருகே அப்படி ஒரு மேடு இருந்தால், உள்ளூராட்சி மன்றத்தின் சுற்றாடல் சுகாதாரப் பகுதியிடம் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, குதிரைக்காரர் அள்ள வேண்டுமா?

குதிரைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். ஓடும் வாகனங்களுக்கிடையே ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணியிலிருந்து இறங்கி, ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தபடி மறு கையால் சாணம் அள்ளுவது ஆபத்தான வேலை. குதிரை மிரண்டால் அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. இறங்கியவர் மீண்டும் ஏறுவதற்கு உயரமான படியோ மேடோ தேவைப்படும். குதிரை நடந்துகொண்டே சாணம் போடுவதால் சில வேளைகளில் மேலே இருப்பவருக்குத் தெரியவும் மாட்டாது. அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரிலும் ஒஸ்திரியாவின் வியன்னாவிலும் சுற்றுலாக் குதிரை வண்டிகளில் சாணம் ஏந்தும் பை கட்டப்படுகிறது. வண்டியின் ஏர்க்கால்களுக்கு நடுவே பையைத் தொங்கவிடுவது இலகு. முதுகில் ஆள் ஏறிய குதிரைக்கும் அப்படிப்பட்ட பைகள் உண்டு. ஆனால் பழக்காத குதிரையின் பின்னங்காலில் பை உரசினால் அது பாய்ந்துவிடும். ஆகவே எல்லோரும் பை கட்ட வேண்டும் என்று சட்டம் போடுவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

அப்படியென்றால் விட்டுவிடலாமா? இல்லை. எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் எமது பதில். பிள்ளைகள் விளையாடும் இடம், உணவருந்தும் புல்தரை, பள்ளிக்கூட வாசல், வீட்டுப் படலை ஆகிய இடங்களில் விழுந்தால் அள்ளியே ஆக வேண்டும். உடனே இறங்க முடியாவிட்டால், குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு மண்வெட்டியோடும் வாளியோடும் காரில் திரும்பி வரலாம். பல குதிரைக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள். தார் போட்ட பொது நடைபாதையில், பாதுகாப்பாக இறங்க முடிந்தால், காலால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவதே போதும். ஓர் இடத்தில் மட்டும் எந்தச் சாக்குப் போக்கும் கிடையாது. வாகனத் தரிப்பிடத்தில் குதிரை வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே கிடந்த வைக்கோலையும் சாணத்தையும் கூட்டி வெளியே தள்ளிவிட்டுப் போகும் சிலர் இருக்கிறார்கள். அது பிராணியின் செயல் அல்ல, மனிதரின் செயல்.

காட்டுப் பாதைகளின் கதை வேறு. அங்கே விழும் சாணத்தை மழையும் வண்டும் மண்புழுவும் பார்த்துக்கொள்ளும். நியூ ஃபொரஸ்ட் வனத்தில் ஆயிரக்கணக்கான மட்டக்குதிரைகள் திறந்தவெளியில் திரிகின்றன. அங்கே எவரும் வாளியோடு பின்னால் போவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப் பாதைகளில் நீல அம்புக்குறி இருந்தால் அது குதிரைகளும் போகும் பாதை, மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. இந்த விபரம் எம்மவர் பலருக்குத் தெரியாது. நீலப் பாதையில் குதிரைக்கும் உரிமை உண்டு. சாணத்தைக் காண விருப்பமில்லாதவர்கள் மஞ்சள் பாதையைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஓடைக்கரையில் விழுந்ததைத் தண்ணீருக்குள் தள்ளிவிடக் கூடாது என்பதைக் குதிரைக்காரருக்குச் சொல்லுவோம். ரிச்மண்ட் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: அங்கே நீங்கள் பயப்பட வேண்டியது சாணத்துக்கு அல்ல, மான்கள் திரியும் உயர்ந்த புல்லில் இருக்கும் உண்ணிக்கு. லைம் நோயைக் காவும் உண்ணிகள் அங்கே உண்டு. வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் கழுத்தையும் பாருங்கள்.

குதிரைக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தால் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். "இந்த வாசலால் ஒரு முதியவர் நடந்து போகிறவர், பிறகு வந்து அள்ளிவிட முடியுமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். பிள்ளைகளைக் குதிரையின் பின்புறமாக ஓடவிடாதீர்கள். சாணத்தைவிட உதை ஆபத்தானது! வாகனம் ஓட்டுகிறவர்கள் குதிரையை மணிக்கு 10 மைலுக்கு மேற்படாத வேகத்தில், இரண்டு மீற்றராவது இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும் என்று 2022 இல் திருத்தப்பட்ட வீதி விதிக்கோவை கூறுகிறது. ஹோர்ன் அடிக்கவே கூடாது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், அது குதிரைச் சாணத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்குப் புழு மருந்து கொடுத்த பின்னர் அந்த மருந்தின் மிச்சம் சாணத்தில் இருக்கும். கொலி போன்ற சில நாய் இனங்களுக்கு அது நஞ்சாகலாம்.

அள்ளியதை என்ன செய்வது?

எம்மவர் பலர் பின்வளவிலும் அலொட்மென்ட் காணியிலும் வெந்தயக்கீரை, மல்லி, போஞ்சி, பூசணி என்று பயிரிடுகிறார்கள். லாயங்கள் சாணத்தை இலவசமாகவே கொடுக்கின்றன. நல்ல பசளைதான். ஆனால் புதுச் சாணத்தை நேரே கீரைப் பாத்தியில் போடக் கூடாது. வேர் கருகும், கிருமியும் இலையில் படியும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் மல்லிக்கும் இது மிக முக்கியம். சாணத்தைக் குவித்து, ஈரம் காயாமல் மூடி, இடைக்கிடை கிளறிவிடுங்கள். குவியலின் உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆறு மாதம், முடிந்தால் ஓர் ஆண்டு விடுங்கள். கறுத்து, பொலபொலவென்று, மண்வாசனை வந்த பிறகு போடுங்கள். கையுறை அணியுங்கள். காய்ந்த சாணத்தைக் கிளறும்போது தூசி எழும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

சாணம் வாங்க முன் லாயத்துக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குதிரை தின்ற வைக்கோலுக்கும் புல்லுக்கும் களைகொல்லி அடித்ததா? அமினோபைராலிட் என்னும் களைகொல்லி குதிரையின் வயிற்றினூடாகச் சிதையாமல் வெளிவந்து, உக்கிய பசளையிலும் தங்கிவிடும். 2008 இல் பிரித்தானியாவில் பல அலொட்மென்ட் தோட்டங்களில் தக்காளியும் அவரையும் உருளைக்கிழங்கும் இதனால் முறுகிக் கெட்டுப்போயின. அந்தக் களைகொல்லியின் விற்பனை அவ்வாண்டு சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதிக்கப்பட்டது. லாயத்துக்காரருக்கு விடை தெரியாவிட்டால், உக்கிய சாணத்தை ஒரு சாடியில் மண்ணோடு கலந்து நாலைந்து போஞ்சி விதை ஊன்றுங்கள். பக்கத்தில் வெறும் மண் நிரப்பிய இன்னொரு சாடியிலும் ஊன்றுங்கள். மூன்று நான்கு கிழமையில் சாணம் போட்ட சாடியில் மட்டும் இலைகள் கிண்ணம் போலச் சுருண்டால், அந்தச் சாணத்தைத் தோட்டத்தில் இறக்க வேண்டாம்.